அளவுச் சட்டையில் மணல்

"கடலை முதல்முதலா உன்கூடத்தான் பாக்கப்போறேன்னு சொன்னீங்களே, அப்ப இது என்ன?" கல்யாணப் பெண் கத்துகிற கத்தலில் தையல்காரியின் கையிலிருந்து அளவு நாடா நழுவுகிறது. தேனிலவுத் தீவில் ஜோடியாகப் போட்டுக்கொள்ளப் பூப்போட்ட சட்டை தைக்க வந்தவர்கள். அளவுக்கென்று மாப்பிள்ளை கொடுத்த பழைய சட்டையைத் தையல்காரி உதறினாள், அவ்வளவுதான். சட்டைப் பையிலிருந்து கொட்டிய மணல், வெள்ளை வெளேரென்று, ஜன்னல் வெயிலில் உப்பு மாதிரி மின்னிக்கொண்டு மேசையில் கிடக்கிறது. நடுவே நகக்கண் அளவுக்கு ஒரு சிப்பி. "பக்கத்துல வீடு கட்றாங்க," என்கிறான் மாப்பிள்ளை. "சிப்பி வெச்சா கட்றாங்க, தம்பி?" தையல்காரிக்கு வாய் சும்மா இருக்காது. கத்தரிக்கோலைத் தேடுகிற சாக்கில் இன்னும் கிட்டே நகர்கிறாள். "யாரோட போனீங்க?" பெண்ணின் குரல் இப்போது தணிந்திருக்கிறது. அவன் சட்டைப் பித்தானைத் திருகுகிறான். "அம்மாவோட." தையல்காரிக்குச் சப்பென்று போய்விடுகிறது. பெண்ணுக்குப் போகவில்லை. "இப்ப எத்தனை டிக்கெட் போட்டிருக்கீங்க?" அவன் மேசை மணலை உள்ளங்கையால் கூட்டுகிறான், குவிக்கிறான், மறுபடி கலைக்கிறான். "அம்மாவுக்குத் தனி ரூம்தான்," என்கிறான்.

கல்யாணம் நின்றுபோனது. அந்தப் பெண் பிறகு ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டு வெளியூர் போய்விட்டாள். அவனும் அம்மாவோடு வேறு தெருவுக்குக் குடிமாறினான். சாமான் லாரியில் முன்சீட்டு அம்மாவுக்கு. அவன் பின்னால், பீரோவைப் பிடித்துக்கொண்டு.