தார் பூசச் சொன்னவள்

"ஏம்மா க்வெண்டா, புத்தி கெட்டுப்போச்சா?" என்று கத்தினார் மெக்கானிக் அலுன்.

தலைக்கு மேலே தூக்கி நிறுத்தியிருந்த அறுபது வருடத்து மோரிஸ் காரின் அடிப்பாகத்தில் மருந்துக்குக்கூடத் துரு இல்லை.

"துருப் பிடிக்காம இருக்க இதுக்கு நிறமில்லாத மெழுகு பூசினாத்தான் சரி. தகடு பளிச்சுன்னு தெரியும், பார்க்கிறவன் நம்புவான்."

"கறுப்புத் தார்தான் வேணும். கெட்டியா."

"விக்கப்போற வண்டிக்குப் புதுசாத் தாரா? துருவை மறைச்சிருக்கோம்னு வேல்ஸ் பூரா காறித் துப்பும். என் பேரும் சேர்ந்து நாறும்."

"இப்ப மட்டும் ரொம்ப மணக்குதாக்கும்! பூசுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு பூசினார் அலுன்.

அவர் சொன்னபடியே ஆயிற்று. சனிக்கிழமை காரேஜுக்கு வாங்க வந்த மூன்று பேரும் அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். "யார் காதுல பூ சுத்துறீங்க?" என்று திட்டிவிட்டுப் போனார்கள்.

பேரம் பேசக் காத்திருந்த ரீஸின் முகம் சிவந்தது. அவன் க்வெண்டாவின் முன்னாள் கணவன். காரை விற்று ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளும்படி விவாகரத்துத் தீர்ப்பு.

"இந்த ஓட்டைத் தகரத்துக்கா இவ்வளவு நாள் அலைஞ்சேன்? நீயே கட்டிக்கிட்டு அழு!"

தன் பங்கு வேண்டாமென்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டு, தாளை அவள் மேல் விட்டெறிந்துவிட்டுப் போனான்.

க்வெண்டா அதை மடித்துப் பையில் வைத்தாள். சுரண்டியை எடுத்து அலுனிடம் நீட்டினாள்.

"தாரைச் சுரண்டி எடுங்க. என் வண்டிக்கு மெழுகுதான் சரி."