பாறைக்கருப்பு கொடுத்த உத்தரவு

பல்லி வாயைத் திறக்கவில்லை.

பாறைக்கருப்பு கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். ஆளுயர அரிவாள், முறுக்கு மீசை, ஏழு ஊர் கும்பிடுகிற சாமி. என்ன பிரயோசனம்? தன் வலது தோளில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு பல்லியைச் சத்தம் போட வைக்க அவருக்கு வக்கில்லை.

எதிரே பேயாண்டி கைகூப்பி நின்றார். அவர் மருமகள் இருளாயிக்கு நேற்று விடிகாலையில் எடுத்த வலி இன்னும் ஓயவில்லை. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, மதுரை ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்து எடுத்தால்தான் உண்டு என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள்.

ஆனால் நல்லதோ கெட்டதோ, கருப்பிடம் கேட்காமல் அந்தக் குடும்பத்தில் ஒரு காரியம் நடந்ததில்லை. சாமிக்கு வலப்பக்கம் பல்லி சொன்னால் போகலாம். சொல்லாவிட்டால் ஊர் எல்லை தாண்டக்கூடாது.

'போங்கடா, என்னைப் பெத்தவங்களா, போய்த் தொலைங்கடா!' என்று கருப்பு கத்தினார். கல்லுக்குள் கத்தியது கல்லோடு போயிற்று.

வலப்பக்கப் பாதையில் லாரி உறுமிக்கொண்டு நின்றது. மேலூரிலிருந்து மதுரைக்குக் கல் ஏற்றிப்போகும் லாரி. உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோலுக்கு எங்கே போவது? பின்னால் மாட்டிய அடுப்பில் கரியைத் தின்றுதான் ஓடியது. டிரைவர் அப்துல் வஹீது கல்லையெல்லாம் இறக்கிப் போட்டுவிட்டு, வைக்கோல் பரப்பி, இருளாயியைப் படுக்க வைத்திருந்தார்.

எந்தச் சாமியிடமும் உத்தரவு கேட்காமல் ஓடுகிற வண்டி என்று கருப்புக்கு அதன்மேல் ஒரு கடுப்பு உண்டு. இன்றைக்கு அதைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

"அண்ணே, கரி அவிஞ்சுட்டா லாரி நகராது! தங்கச்சிக்குக் கண்ணு சொருகுது, சீக்கிரம் வாங்க!" வஹீது ஹாரனை ஓங்கி அமுக்கினார்.

பல்லி மிரண்டுபோய்க் கருப்பின் கக்கத்துக்குள் புகுந்துகொண்டது. அடப்பாவி மனுசா, காரியத்தைக் கெடுத்தாயே!

இருளாயியின் புருஷன் விருமாண்டி அப்பாவைப் பார்த்தான், லாரியைப் பார்த்தான். தனியாளாய்க் குடைசாய்ந்த மாட்டுவண்டியைத் தூக்கி நிறுத்துகிறவன், ஓர் எட்டு எடுத்துவைக்க முடியாமல் சின்னப்பிள்ளை மாதிரி அழுதான்.

'என்னை மீறிப் போடா விருமாண்டி. உன்னை என்னால் என்னடா செய்ய முடியும்?'

அவனுக்குக் கேட்கவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது.

ட்ச், ட்ச், ட்ச்.

வலப்பக்கம். மூன்று தடவை.

"உத்தரவு ஆயிருச்சுடா! கெளம்புங்கடா!" பேயாண்டி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். விருமாண்டி ஒரே தாவில் லாரிமேல் இருந்தான்.

கருப்புக்குப் புல்லரித்துவிட்டது. அட, நம்மாலா ஆயிற்று? இத்தனை தலைமுறைக்கு அப்புறம் ஒரு நாளாவது நம் பேச்சு எடுபட்டதா?

கக்கத்தில் பல்லி அசையாமல் கிடந்தது. சத்தம் அதனுடையது இல்லை.

லாரி குலுங்கிக் கிளம்பி அவர் முன்னால் திரும்பியது. வைக்கோலில் இருளாயி கிடந்தாள். கடித்துக் கடித்து உதடெல்லாம் ரத்தம். அந்த உதட்டைத் திறந்து, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவை தட்டினாள்.

ட்ச்.

அவரைப் பார்த்துக்கொண்டேதான் தட்டினாள்.

கருப்பு முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தார். அதுவும் அவரால் முடியவில்லை.