உறவுமுறைக் கட்டம்

போர்முனைக்குக் கிளம்பும் முன் எல்லோரும் நிரப்ப வேண்டிய படிவம் அது. 'உயிரிழந்தால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும்?' சிப்பாய் ஓர் ஆண் பெயரை எழுதி, உறவுமுறைக் கட்டத்தில் 'நண்பன்' என்று போட்டிருந்தான்.

சார்ஜென்ட் சள்ளென்று விழுந்தார். தினமும் போனில் தம்பியிடம் பேசும்போது மட்டுமே சிரிக்கிற மனிதர் அவர்.

"நண்பனுக்கெல்லாம் தகவல் போகாது. சொந்தக்காரங்களுக்கு மட்டும்தான்."

"நாங்க சேர்ந்து வாழுறோம் சார். எனக்கு அவன்தான் எல்லாம்."

சொன்ன பிறகுதான் சிப்பாய் நாக்கைக் கடித்துக்கொண்டான். இதோடு வேலை போயிற்று.

சார்ஜென்ட் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"தம்பின்னு எழுது. யாரும் சரிபார்க்க மாட்டாங்க."

"உங்களுக்கு நிஜமாவே தம்பி இருக்கார் சார். நான் எப்படிப் பொய் எழுதறது?"

"எனக்கேதுடா தம்பி? எங்கம்மாவுக்கு நான் ஒத்தைப் பிள்ளை."