நூற்றுப் பத்துக்கு எழுபது

செக்யூரிட்டி ஆபீசர் சுப்பராயனின் மூளையை நினைக்க நினைக்க மணிகண்டபிரபுவுக்குச் சிரிப்பு வந்தது.

மின்வெட்டுக் காலம். ஒரகடத்துக் கம்பெனியில் ஜெனரேட்டருக்காக வாங்கி வைத்திருந்த செம்புக் கேபிள் ஒரு சுருள் காணவில்லை. அந்த ஷிப்டில் இருந்தவர்கள் பன்னிரண்டு பேர். அத்தனை பேரும் கான்ட்ராக்ட். அவர்களை வரிசையில் நிறுத்திய சுப்பராயன், நாளைக்கு முதலுதவி அறையில் ஒவ்வொருவருக்கும் பிரஷர் பார்க்கப்போவதாகவும், திருடன் யாரென்று பிரஷரே சொல்லிவிடும் என்றும், மாட்டுகிறவன் நேரே போலீஸ் ஸ்டேஷன்தான் என்றும் அறிவித்தார்.

பிரஷர் மெஷினை வைத்துத் திருடனைப் பிடிக்கிற ஆளுக்கு ஒரு தொப்பி, ஒரு விசில், தனி ரூம் வேறு.

கேபிளை எடுத்தது மணிகண்டபிரபுதான். ஆனால் அவன் பயப்படவில்லை. சேரப்பணஞ்சேரியில் அவன் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி மீனம்மாள், பிரஷர் மாத்திரையைப் பற்றித் தினமும் ஒரு பாட்டம் புலம்புவாள். நெஞ்சுத் துடிப்பையே அடக்கிப்போடுகிறதாம். கைகால் ஜில்லிட்டுப்போகிறதாம். சட்டென்று எழுந்தால் கிறுகிறுவென்று வருகிறதாம்.

காலையில் அவள் குழாயடிக்குப் போன நேரம் பார்த்து, அட்டையிலிருந்து இரண்டைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டான்.

முதலுதவி அறை வாசலில் மற்றவர்கள் நின்ற கோலம் பார்க்கச் சகிக்கவில்லை. வடக்குப்பட்டு ஹேமந்துக்குச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"வேல போச்சுன்னா வூட்ல இன்னா சொல்றது?"

"எடுக்காதவனுக்கு என்னத்துக்குலே பயம்?" என்றான் மணிகண்டபிரபு இளக்காரமாக.

கடைசியாக அவன் முறை. நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றினாள். சுப்பராயன் கேபிளைப் பற்றிச் சுற்றிச் சுற்றிக் கேட்டார். தனக்கு ஒன்றும் தெரியாது என்று கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சாதித்தான். நெஞ்சு தன்பாட்டுக்கு நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது.

"நூத்திப்பத்துக்கு எழுபது" என்றாள் நர்ஸ்.

எழுந்தபோது தலை லேசாகச் சுற்றியது. சமாளித்துக்கொண்டான்.

"நார்மல்தான சார்? லைனுக்குப் போகட்டா?"

"உக்கார்றா" என்ற சுப்பராயன், ஸ்டேஷனுக்கு நம்பரை அழுத்திவிட்டுப் போனைக் காதில் வைத்தார். "இன்னா மாத்திர போட்ட?"

மணிகண்டபிரபு வாயைத் திறப்பதற்குள், நர்ஸ் எழுதிய பேப்பரை அவன் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

திருடாத பதினோரு பேருக்கும் பிரஷர் எகிறியிருந்தது.