இரண்டாவது மைக்

“இந்த ஞாயித்துக்கிழமை என் பொண்ணு கல்யாணத்துல நான் பாடப்போறேன்! மண்டபத்து ஸ்பீக்கர் ஒவ்வொண்ணும் பீரோ உசரம் இருக்கு!”

வெய் இப்படிச் சொன்னதும் சூயினின் கையிலிருந்த சூரியகாந்தி விதைகள் கீழே சிதறின.

லியூ ஆற்றங்கரைப் பூங்காவில் பொழுது சாய்ந்தால் மரத்துக்கு மரம் ஒரு பாட்டுப் பெட்டி வந்து நிற்கும். சக்கரமும் கைப்பிடியும் வைத்து, பேட்டரியில் ஓடும் பெட்டி; அதில் பாட்டைப் போட்டுவிட்டு, கம்பியில்லாத மைக்கில் கூடவே பாடலாம். பெரிய ஆலமரத்தடியில் நிற்பது சூயினுடையது. நெசவாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணவன் போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. வெய் நகரப் பேருந்து ஓட்டியவர்; அவர் வீட்டிலும் மனைவி இல்லை. இவர்கள் இருவரும் பாடும் ஜோடிப் பாட்டைக் கேட்கவே ஒரு கூட்டம் தினமும் வரும்.

அந்தக் கூட்டத்துக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. அது சூயினுக்கும் அவள் தோழி லியாவ் அக்காவுக்கும் மட்டுமே தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் வெய் முதன்முதலாக சூயினின் மைக்கை வாங்கிப் பாடினார். ஆற்றில் தூண்டில் போட்டிருந்தவர்கள் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பிரேக் தேய்ந்த பேருந்து மாதிரி ஒரு குரல். ஆனால் பாடி முடித்ததும் குழந்தை மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், ‘இனிமேல் பாடாதீங்க’ என்று சொல்ல சூயினுக்கு மனசு வரவில்லை.

மறுநாளே அவருக்கென்று புதிதாக இன்னொரு மைக் வாங்கினாள். அவர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, பெட்டியில் அந்த மைக்குக்கான ஒலிக் குமிழைத் திருகி அடியோடு குறைத்துவிட்டாள். ஆண் குரல் மட்டும் பதிவான பாட்டாகத் தேடிப் போட்டாள். பெண் பகுதியை அவள் பாடுவாள். ஆண் பகுதியை எங்கோ இருக்கும் ஒரு பாடகர் பாடுவார். வெய் கண்ணை மூடிக்கொண்டு, வாயை அசைத்து, உருகு உருகு என்று உருகுவார். கைதட்டல் அள்ளிக்கொண்டு போகும்.

மைக்குகளுக்குப் பேட்டரி போடும் வேலையை அன்றிலிருந்து வெய் தானே ஏற்றுக்கொண்டார். ஒரு பாக்கெட் வாங்கினால் தீரவே தீராது. “உங்க கைராசி” என்பாள் சூயின். உள்ளங்கை வியர்க்கிறது என்று தன் மைக்கை மட்டும் சிவப்புக் கைக்குட்டையால் சுற்றிப் பிடித்துக்கொள்வார்.

இத்தனை நாளும் வண்டி ஓடிவிட்டது. இப்போது கல்யாண மண்டபம்! முப்பது மேசை நிறைய விருந்தாளிகள்! புது சம்பந்தி வீட்டார் முன்னால்!

“ஏண்டி, நீ செஞ்ச கூத்து எங்க வந்து நிக்குது பாத்தியா?” என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த லியாவ் அக்கா காதைக் கடித்தாள். “மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சூப்பை அப்படியே வச்சிட்டு ஓடப்போறாங்க. இப்பவே உண்மையைச் சொல்லிடு.”

“எப்படிக்கா சொல்வேன்? ரெண்டு வருஷமா உங்களை ஊமையாக்கி வச்சிருந்தேன்னா?” என்று சூயினும் முணுமுணுத்தாள்.

சூயின் தொண்டையைச் செருமிக்கொண்டாள். “வெய், உங்களுக்குத் தொண்டை கட்டின மாதிரி இருக்கே?”

“எனக்கா? பேரிக்காய் வேகவச்ச தண்ணி தினம் குடிக்கிறேன். மணியா இருக்கு.”

“பெரிய ஸ்பீக்கர்ல குரல் ரொம்ப இரையுமே…”

“அதெல்லாம் மண்டபத்துக்காரங்க பாத்துக்குவாங்க.”

“பொண்ணு என்ன சொல்றா?”

“அவளுக்குச் சொல்லல. அதிர்ச்சியா இருக்கட்டும்.”

“இருக்கும், இருக்கும்” என்றாள் லியாவ் அக்கா.

சூயினுக்குப் பொறுக்கவில்லை. அந்தச் சிரிப்பு முப்பது மேசைக்கு நடுவில் செத்துப்போவதை அவளால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

“மண்டபத்து ஸ்பீக்கரே வேணாம்! என் பெட்டியைக் கொண்டாரேன். பாட்டும் நானே போடுறேன்.”

வெய் மோவாயைத் தடவினார். “உங்களுக்கு எதுக்குச் சிரமம்? புத்தாண்டு விருந்துக்குக் கூப்பிட்டேன், ‘பெட்டியை யாரு பாத்துக்குவா’ன்னீங்க. நிலாப் பண்டிகைக்குக் கூப்பிட்டேன், ‘நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க’ன்னீங்க.”

“இது வேற. பெட்டி இருக்கிற இடத்துல நான் இருந்துதானே ஆகணும்?”

“பெட்டி மேடைப் பக்கம் இருக்கணுமே. அங்க எங்க வீட்டு ஆளுங்க மேசைதான்.”

“அங்கயே உக்காந்துக்கிறேன்.”

“என் பக்கத்து நாற்காலி ஒண்ணுதான் காலி.”

“உக்காந்துக்கிறேன்னு சொல்றேன்ல!”

“சரி, நீங்க இவ்வளவு வற்புறுத்துறதால…” வெய் அரைமனசாக இழுத்தார். “அந்த நீலப் பட்டுச் சட்டையைப் போட்டுட்டு வாங்க. பெட்டி நிறத்துக்கு எடுப்பா இருக்கும்.”

சொல்லிவிட்டு மைக்கைக் கைக்குட்டையோடு பெட்டிமேல் வைத்தார். சாலைக்குப் போகும் படிக்கட்டை நோக்கி நடந்தார்.

“தப்பிச்சாரு மனுஷன்!” என்று சூயின் மூச்சு விட்டாள். கல்யாணத்தன்று எந்தக் கோளாறும் வரக் கூடாதே என்று, அவருடைய மைக்கின் கைக்குட்டையை அவிழ்த்து அடிமூடியைத் திருகினாள். அது கல்லாக இறுகிக் கிடந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திறந்தாள்.

உள்ளே பேட்டரி இல்லை. கடையில் வைத்துக் கொடுத்த பிளாஸ்டிக் தாள்கூடக் கிழியாமல் அப்படியே இருந்தது.

“வெய்!” என்று கத்தினாள். “இதுல நீங்க ஒரு நாளும் பேட்டரியே போட்டதில்லையா?”

படியேறிக்கொண்டிருந்தவர் திரும்பினார். அதே சிரிப்பு.

“முதல் நாள் நான் பாடினதை நானும்தானே கேட்டேன்! ஞாயித்துக்கிழமை பெட்டியை மறந்தாலும் பரவால்ல, நீங்க மட்டும் மறக்காம வந்துடுங்க!”