உதடு மட்டும் அசைந்தது

"எம்புள்ளைக்கு என்னதானுங்க டீச்சர் சொல்லிக் குடுத்தீங்க?" குருமூர்த்தி வகுப்பு வாசலிலேயே கத்தினார். "நாலஞ்சு நாளா எங்கிட்ட வாயை மட்டும் அசைக்கறா, சத்தமே வரமாட்டேங்குது. என்னமோ மறைக்கறாளுங்க!"

ஆசிரியை ஜெயப்பிரியாவுக்கோ அவர் மேல்தான் சந்தேகம்.

"மனசுல இருக்கறதை மெதுவாச் சொல்லுங்கன்னு பழக்கறேன். நீங்க ஊட்டுலயும் இப்படித்தான் கத்துவீங்களா?"

"ஊட்டோட தறிப்பட்டறைங்க. அந்த இரைச்சல்ல கத்தாட்டி யாருக்குக் கேக்கும்?"

ஜெயப்பிரியா ஒரு கணம் யோசித்தார். பிறகு இரண்டாம் வகுப்பு தீபிகாவை அருகில் அழைத்தார்.

"ஊட்டுல அப்பாகிட்ட மெதுவாச் சொன்னியே, அதை இப்பச் சொல்லு சாமி."

தீபிகா அப்பாவை அண்ணாந்து பார்த்தாள்.

"அப்பா, எம்மேல எதுக்கு எப்பவும் கோவமாவே இருக்கறீங்க?"

குருமூர்த்தி வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.