இன்றைக்கு யார்?

காலையில் மேகலா சர்க்கரை போடாத காபியோடு கட்டிலருகே நிற்பாள். கண்விழித்து "மேகலா" என்று கூப்பிட்டால் அது கணவன் புகழேந்தி. இரண்டு கரண்டி சர்க்கரை போடுவாள். "அண்ணி" என்றால் கொழுந்தன் பரிதி. சர்க்கரையே பிடிக்காதவன், அப்படியே கொடுத்துவிடுவாள்.

விபத்தில் மிஞ்சியது ஓர் உடல்தான். அண்ணன் தம்பி இருவர் மனதையும் அதிலேயே குடிவைத்தார்கள். விழிக்கும்போது தலைக்குள் இருக்கும் மென்பொருளிலிருந்து "இன்றைக்கு யார்?" என்று ஒரு கேள்வி வரும். ஒருநாள் விட்டு ஒருநாள் முறை.

போன செவ்வாய்க்கிழமை, தன் முறையில், பரிதி அந்த மென்பொருளின் புதுப் பதிப்பு ஒன்றைப் போட்டுக்கொண்டான். அன்றிலிருந்து தினமும் "அண்ணி"தான்.

மேகலா கூட்டிப்போன சர்வீஸ் சென்டரில் ஒரு பெண் பரிதியைச் சோதித்துப் பார்த்தாள். "உங்க வீட்டுக்காரர் உள்ள பத்திரமா இருக்காருக்கா. புதுப் பதிப்பு அந்தக் கேள்வியைத் தூக்கிட்டு, தன்னைப் போட்ட ஆளை மட்டும் எழுப்புது."

"ஒரு வார்த்தை கேக்காதா?"

"கேக்காது. உள்ள வேற ஆளே இல்லைன்னு நெனச்சுக்கும். பழையபடி மாத்திடலாம். இப்ப முழிச்சிருக்கறவர் கைரேகை வெச்சா போதும்."

பரிதி தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். "நாளைக்கு வந்து வெக்கிறேன் அண்ணி," என்றான்.

மறுநாள் தனியாகப் போய்விட்டு வந்தான். அதற்கடுத்த காலை, கண்விழித்ததும் கூப்பிட்டான்.

"மேகலா."

இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் கொடுத்தாள். முதல் வாயிலேயே அவன் முகம் சுளித்தது. சட்டென்று அதை மறைத்துக்கொண்டு, மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தான்.

"நல்லா இருக்கு, மேகலா."